‘கம்ப்ரெஸ்ஸர் எடுக்கலை சார், மாத்தணும்’: 24,000 ரூபாய் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க



உங்களில் நிறைய பேர் வேலைக்குச் சேர்ந்த ரெண்டு மூணு வருஷத்தில், ஏற்கெனவே ஆறேழு வருஷம் ஓடிய ஒரு செகண்ட் ஹேண்ட் ஹேட்ச்பேக் வாங்கியிருப்பீங்க. ஏப்ரல் மாசம், ஆபீஸ் முடிஞ்சு வண்டியை எடுக்கிறீங்க. ஏசி பட்டனை அழுத்தினால் லைட் எரியுது, காத்தும் வருது, ஆனா அனல் காத்து. மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் விட்டால், பானெட்டைத் திறந்து ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு, ‘கம்ப்ரெஸ்ஸர் எடுக்கலை சார், மாத்தணும்’னு சொல்றாங்க. எஸ்டிமேட் 24,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். உங்க மாடலைப் பொறுத்து இது கூடும், குறையும். ஆனா ஐந்து இலக்கத்துக்குக் கீழே வர்றது கஷ்டம்.

இந்த இடத்தில் கார்டை எடுத்து நீட்டுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கணும். கம்ப்ரெஸ்ஸர் ‘எடுக்கலை’ என்பது வேற, கம்ப்ரெஸ்ஸர் ‘போயிடுச்சு’ என்பது வேற. உள்ளே ஜாம் ஆகிப்போன கம்ப்ரெஸ்ஸர் பெரும்பாலும் எடுக்கும்; எடுத்த உடனே பெல்ட் கிறீச்சுன்னு கத்தும், ரப்பர் கருகும் வாசனை வரும், சில நேரம் இன்ஜினே ஆஃப் ஆகும். சத்தமே இல்லாம சும்மா கிடக்குதுன்னா, அதுக்கு யாரோ ‘ஓடாதே’ன்னு சொல்லியிருக்காங்கன்னு அர்த்தம். அந்த ‘யாரோ’ 20 ரூபாய் ஃப்யூஸாகவும் இருக்கலாம்.

அது எப்படின்னு சுருக்கமா பார்க்கலாம். இன்ஜின் ஓடும் வரைக்கும் கம்ப்ரெஸ்ஸரின் முன்பக்கப் புல்லி பெல்ட்டோட சுத்திக்கிட்டே இருக்கும். நீங்க ஏசி போட்டால்தான், புல்லிக்குப் பின்னாடி இருக்கும் காயிலுக்கு 12 வோல்ட் கரன்ட் போய், அது காந்தமாகி, முன்னாடி இருக்கும் தட்டை ‘டிக்’னு இழுத்து ஒட்ட வைக்கும். அதுதான் கிளட்ச். அதுக்கப்புறம்தான் கம்ப்ரெஸ்ஸரின் உள் பாகம் சுத்தும். ஆனா பட்டனில் இருந்து நேரா அந்தக் காயிலுக்கு ஒயர் போகாது. நடுவில் ஃப்யூஸ், ரிலே, கேஸ் பிரஷரைப் பார்க்கும் ஸ்விட்ச் அல்லது சென்சார், கூலிங் காயில் ஐஸ் கட்டாம பார்த்துக்கிற தெர்மிஸ்டர், எல்லாத்துக்கும் மேல இன்ஜினை நிர்வகிக்கும் ஈசியூ. இந்த வரிசையில் யாராவது ஒருத்தர் ‘நோ’ சொன்னாலும் கிளட்ச் எடுக்காது. ஆபீஸில் லீவ் அப்ரூவல் மாதிரிதான்.

அதனால மெக்கானிக்கிடம் நீங்க கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: ‘அண்ணே, ஏசி ஆன்ல இருக்கும்போது கிளட்ச் கனெக்டருக்கு 12 வோல்ட் வருதா?’ வரலைன்னா, கம்ப்ரெஸ்ஸரைக் குறை சொல்ல இன்னும் காரணமே இல்லை. பிரச்சினை அதுக்கு முன்னாடி எங்கேயோ இருக்கு. வோல்ட் வருது, எர்த்தும் சரியா இருக்கு, அப்பவும் எடுக்கலைன்னா, கிளட்ச்சில் கோளாறு. அதிலும் மொத்த கம்ப்ரெஸ்ஸரையும் தூக்கிப் போடணும்னு கட்டாயம் இல்லை. ஒரு மல்ட்டிமீட்டர் இருந்தால் அஞ்சு நிமிஷ வேலை. இதைப் பார்க்காமலே எஸ்டிமேட் போட்டிருந்தால், அது ஊகம்தான்.

நீங்களே பார்க்கக்கூடியவை

வண்டியை நிழலில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் இன்ஜினை ஓட விடுங்க. புளோயரை ஆன் பண்ணி, டெம்பரேச்சரை முழுக்கக் குறைச்சு வைங்க (பல கார்களில் புளோயர் ஓடலைன்னா ஏசிக்கு அனுமதியே கிடைக்காது). இப்போ நண்பர் ஒருத்தரை ஏசி பட்டனை ஆன், ஆஃப் பண்ணச் சொல்லிட்டு நீங்க பானெட் பக்கத்தில் நில்லுங்க. ‘டிக்’ சத்தம் கேட்குதா? புல்லியின் நடுவில் இருக்கும் தட்டு சுத்துதா, நிக்குதா? ஒரு எச்சரிக்கை: கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு, துப்பட்டா, டை எல்லாத்தையும் கழட்டி வெச்சுட்டுப் போங்க. சுத்துற பெல்ட்டுக்கு ஒரு நொடி போதும்.

அப்புறம் இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு ஃப்யூஸ் பாக்ஸைத் திறங்க. எது ஏசி ஃப்யூஸ், எது ரிலேன்னு மூடியின் உள்பக்கமோ ஓனர்ஸ் மேனுவலோ சொல்லும். ஃப்யூஸ் எரிஞ்சிருந்தால் அதே ஆம்பியரில் புதுசு போடுங்க. பெரிசா போடக் கூடாது. போட்டதும் மறுபடி எரிஞ்சால், எங்கேயோ ஷார்ட் ஆகுது, அத்தோட நிறுத்திட்டு எலெக்ட்ரீஷியனிடம் போங்க. ரிலேவுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. பல வண்டிகளில் ஹாரனுக்கும் ஏசிக்கும் ஒரே மாதிரி ரிலேதான் இருக்கும். பார்ட் நம்பர் ஒண்ணா இருந்தால் ரெண்டையும் மாத்திப் போட்டுப் பாருங்க. ஏசி எடுத்து ஹாரன் அடிக்கலைன்னா, குற்றவாளி கிடைச்சாச்சு.

ரெண்டு விதிவிலக்கு. சில மாடல்களில் கிளட்ச்சே கிடையாது. உள்ளே ஒரு கன்ட்ரோல் வால்வ்தான் வேலையைக் கூட்டும், குறைக்கும். அங்கே ‘டிக்’ சத்தத்தைத் தேடிப் பயன் இல்லை. எலெக்ட்ரிக் கார், ஸ்ட்ராங் ஹைபிரிட் வெச்சிருக்கிறவங்க ஆரஞ்சு நிற கேபிள் பக்கமே கை வைக்காதீங்க, அது உயிர் ஆபத்து.

கேஸ் விஷயத்தில்தான் பணம் அதிகம் வீணாகுது

கேஸ் குறைஞ்சால் பிரஷர் ஸ்விட்ச் கிளட்ச்சுக்குப் போற கரன்ட்டை நிறுத்திடும். இது கோளாறு இல்லை, பாதுகாப்பு. கம்ப்ரெஸ்ஸருக்குத் தேவையான ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுத்தி வரும். கேஸ் இல்லாம ஓடினால் ஆயில் இல்லாம ஓடின மாதிரி, சீக்கிரமே உள்ளே தேய்ஞ்சு போயிடும். அதனால ‘ஸ்விட்ச்சை பைபாஸ் பண்ணி ஓட விடலாம்’னு யாராவது சொன்னால் ஒத்துக்காதீங்க. நல்லா இருக்கிற கம்ப்ரெஸ்ஸரைக் காசு கொடுத்துக் கொல்ற வேலை அது.

அடுத்தது டாப்-அப். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்ந்து போற பொருள் இல்லை. மூடின குழாய்க்குள்ளே அதேதான் திரும்பத் திரும்பச் சுத்துது. ஹோஸ் வழியா பல வருஷத்தில் கொஞ்சம் கசியும், அது சகஜம். ஆனா போன சம்மருக்கு நிரப்பினது இந்த சம்மருக்கு இல்லைன்னா லீக் இருக்கு. லீக்கைப் பிடிக்காம வருஷா வருஷம் கேஸ் நிரப்புறது ஓட்டைக் குடத்தில் தண்ணி ஊத்துறதுதான்.

இன்னொரு விஷயத்தைப் பலரும் கவனிக்கிறதில்லை. ‘கேஜ் போட்டுப் பார்த்தேன், பிரஷர் நல்லா இருக்கு, கேஸ் ஃபுல்லு’ என்பார்கள். ஏசி ஓடாம நிக்கும்போது எடுத்த அளவாக இருந்தால், அது முழு உண்மை இல்லை. இங்கே ஓடும் பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்134ஏ கேஸ், 30 டிகிரி வெயிலில் ஏறக்குறைய 97 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருந்தாலும் அதே 97, நிறைய இருந்தாலும் அதே 97. வீட்டு சிலிண்டரில் பாதி தீர்ந்த பிறகும் அடுப்பு ஒரே மாதிரி எரியுதில்ல, அதே கதை. நிக்கும்போது 40, 50ன்னு காட்டினால் கேஸ் நிச்சயமா குறைவு. 97 காட்டினால் சரியான அளவு இருக்குன்னு மட்டும் சொல்ல முடியாது. சரியான அளவு எடைதான். பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம்னு போட்டிருக்கும், போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. நல்ல கடையில் இருக்கிற கேஸை மெஷினில் வெளியே எடுத்து எடை பார்ப்பாங்க. நைட்ரஜன் அடிச்சு சோப்பு நுரையிலோ, யூவி டை போட்டோ லீக்கைத் தேடுவாங்க. அதைச் சரி பண்ணி, வேக்குவம் போட்டு, அது இறங்காம நிக்குதான்னு பார்த்துட்டு, கிராம் கணக்கில் நிரப்புவாங்க. அதிகமா நிரப்பினாலும் ஆபத்துதான். ஹை பிரஷரில் மறுபடி கட் ஆகும்.

ஹை பிரஷர்னு சொன்னதும் ஃபேன் ஞாபகம் வருது. முன்னாடி இருக்கும் கண்டென்சருக்குக் காத்து அடிக்கும் ஃபேன் ஓடலைன்னா, சிக்னலில் நிக்கும்போது பிரஷர் ஏறி ஏசி கட் ஆகும். வேகமா போனால் திரும்ப எடுக்கும். இன்ஜின் அதிகமா சூடானாலும் ஈசியூ ஏசியை நிறுத்திடும். அப்போ பார்க்க வேண்டியது ஏசியை இல்லை, கூலன்ட்டை. டெம்பரேச்சர் முள் ஏறிக்கிட்டே இருந்தால் வண்டியை ஓரம் கட்டுங்க.

காலையில் எடுக்குது, மத்தியானம் எடுக்கலைன்னா?

இந்த அறிகுறி எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா இதில் பணம் மிச்சமாக நல்ல வாய்ப்பு இருக்கு. கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இடைவெளி இருக்கணும். வருஷக்கணக்கில் தேய்ஞ்சு அது கூடிடும். காலையில் காயில் குளிர்ச்சியா இருக்கும்போது காந்த இழுப்பு போதுமானதா இருக்கும். டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் ஓடி காயில் சூடானதும் அதன் ரெசிஸ்டன்ஸ் கூடி, கரன்ட் குறைஞ்சு, இழுப்பு பத்தாம போயிடும். பல மாடல்களில் தட்டைக் கழட்டி ஒரு மெல்லிய ஷிம்மை எடுத்துட்டால் இடைவெளி சரியாகிடும். காயிலே போயிருந்தால், மீட்டரில் ஓம்ஸ் பார்த்தாலே தெரியும். நல்ல காயில் பெரும்பாலும் 3 முதல் 5 ஓம் காட்டும், அறுந்தது எதுவுமே காட்டாது. கிளட்ச் செட்டை மட்டும் தனியா மாத்தித் தரும் கார் ஏசி கடைகள் ஊருக்கு ஊர் இருக்கு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் தனி பார்ட் வரலைன்னு முழு அசெம்ப்ளி சொல்லலாம். அது ஏமாத்து வேலைன்னு நினைக்க வேண்டாம், அவங்க பார்ட்ஸ் லிஸ்ட் அப்படி. நீங்க வெளியே ஒரு செகண்ட் ஒப்பீனியன் வாங்கிக்குங்க. சோதனைக்குச் சில நூறு ரூபாய் கேட்டால் பேரம் பேசாம கொடுங்க.

நிஜமாவே கம்ப்ரெஸ்ஸர் போயிருந்தால்? இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு நடுத்தட்டைக் கையால் சுத்தச் சொல்லுங்க. அசையவே இல்லைன்னா, இல்லை வெளியே வரும் ஆயிலில் இரும்புத்தூள் மின்னுதுன்னா, மாத்தித்தான் ஆகணும். அப்போ எஸ்டிமேட்டில் ரிசீவர் ட்ரையரும், லைனையும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் சுத்தம் பண்ற அல்லது மாத்துற செலவும் இருக்கான்னு பாருங்க. இதெல்லாம் இல்லாம ‘கம்மி ரேட்’டில் கம்ப்ரெஸ்ஸர் மட்டும் மாத்தினால், பழைய தூள் புதுசையும் தின்னுடும்.

இப்போ பணக் கணக்குக்கு வருவோம்

எக்ஸ்டெண்டட் வாரன்ட்டி இருந்தால் அந்த புக்லெட்டை முதலில் எடுங்க. கம்ப்ரெஸ்ஸர் அதில் கவர் ஆகலாம். ஆனா அனுமதி வாங்காம வெளியே பிரிச்சுட்டால் கிளெய்ம் போயிடலாம், அதனால வரிசை முக்கியம். கார் இன்ஷூரன்ஸை நம்பாதீங்க. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியிலும் தேய்மானம், மெக்கானிக்கல் அல்லது எலெக்ட்ரிக்கல் பிரேக்டவுன் வராது. விபத்தில் கண்டென்சர் உடைஞ்சால் மட்டும் கிளெய்ம் பண்ணலாம்.

கார்டில் தேய்ச்சு இஎம்ஐ ஆக்கினால் என்ன ஆகும்? 24,000 ரூபாய், வருஷத்துக்கு 15 சதவீதம், 12 மாசம்னு வைங்க. மாசம் 2,166 ரூபாய். வட்டி மட்டும் ஏறக்குறைய 1,995, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 360, அதுக்கு மேல பிராசஸிங் ஃபீ. ஃப்யூஸோ ரிலேவோ போனதுக்கு இப்படி ஒரு வருஷம் கட்டுறவங்களும் இருக்கலாம். வாரன்ட்டி முடிஞ்ச வண்டி வெச்சிருந்தால், சம்பளம் வந்த அன்னைக்கே மாசம் 1,500 ரூபாயை ஒரு தனி ஆர்டியில் போடுங்க. வருஷத்துக்கு 18,000 சேரும். டயர், பேட்டரி, ஏசின்னு எது வந்தாலும் எமர்ஜென்சி ஃபண்டைத் தொட வேண்டியிருக்காது.

வேலை முடிஞ்சு வண்டியை எடுக்கும்போது பில்லில் மூணு விஷயம் எழுதி வாங்குங்க: எந்தப் பார்ட் மாத்தினாங்க, அதுக்கு எத்தனை மாசம் வாரன்ட்டி, கேஸ் எத்தனை கிராம் நிரப்பினாங்க. பழைய பார்ட்டையும் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்குங்க. ரெண்டு மாசத்தில் மறுபடி அனல் காத்து அடிச்சால், அதே கடைக்கு அந்த பில்லோடு போய், ‘இத்தனை கிராம் போட்டீங்க, இப்போ எடை பார்த்துச் சொல்லுங்க’ன்னு கேட்கலாம்.