ஊட்டச்சத்து படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அனுபவம் எங்கே கிடைக்கும்?



பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்காக உள்கடன் வாங்கும் தாய்மார்கள் நம் குழுக்களில் அதிகமாகி வருகிறார்கள். நர்சிங், பி.எட். என்று மட்டும் யோசித்த காலம் போய், உணவு அறிவியல், ஊட்டச்சத்தும் உணவுமுறையும் என்ற பாடங்களிலும் இப்போது சேர்க்கிறோம். நல்ல விஷயம்தான். ஆனால் ஃபீஸ் கட்டுவதோடு நம் வேலை முடிந்துவிட்டது என்று இருந்துவிடுகிறோம். படிப்பு முடித்து வேலைக்குப் போய் நின்றால், மதிப்பெண்ணைப் பார்த்த கையோடு கேட்பார்கள்: "எங்கே பயிற்சி எடுத்தாய்? என்ன செய்து பார்த்திருக்கிறாய்?" அந்தக் கேள்விக்கு நம்ம பொண்ணு என்ன சொல்லும்? இந்த மாதப் பாடத்தில் அதைப் பேசுவோம்.

குடவாசல் பக்கத்து ஊர்களுக்கு நாங்கள் கூட்டத்துக்குப் போகும்போது ஒரு பேச்சு திரும்பத் திரும்ப வரும். "காலம் பூரா நான்தான் அடுப்படியில கெடந்தேன். எம் பொண்ணும் அண்டாவைக் கிண்டறதுக்கா கடன் வாங்கிப் படிக்க வைக்கிறேன்?" நியாயமான கோபம். ஆனால் சமைப்பது வேறு, சமைத்ததை அளந்து கணக்குப் பார்ப்பது வேறு. பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டியது இரண்டாவதை. அதற்கான இடங்கள் நம் ஊரிலேயே நிறைய இருக்கின்றன.

பள்ளிக்கூடத்துக் காலை உணவுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25-ல் நமக்குப் பக்கத்திலுள்ள திருக்குவளையில் வைத்து மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்ட திட்டம். சமையல் பொறுப்பைச் சுய உதவிக் குழுப் பெண்களிடம்தான் கொடுத்தார்கள். தொடக்கத்தில் வகுத்த அளவு, ஒரு பிள்ளைக்கு அரிசி அல்லது ரவை 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம். இதை நாம் அளந்து போடுவோம், அதோடு சரி. ஊட்டச்சத்து படிக்கிற பொண்ணு இதற்குக் கணக்குப் போடும். 50 கிராம் அரிசியில் ஏறக்குறைய 170 கலோரி, 4 கிராம் புரதம். 15 கிராம் பருப்பில் 3 கிராமுக்குச் சற்று மேல் புரதம். பிள்ளை சாம்பாரை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தால், கிடைக்க வேண்டிய புரதத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தட்டோடு போய்விடுகிறது! எத்தனை பிள்ளைகள் ஒதுக்குகிறார்கள், எந்தக் காய் போட்ட அன்று ஒதுக்கவில்லை என்று ஒரு வாரம் மிச்சத்தை எடைபோட்டு எழுதினால், அதுவே ஒரு நல்ல ப்ராஜெக்ட். சமைக்கிற நமக்கும் அது உதவும்.

பள்ளிச் சமையற்கூடத்துக்குள் நினைத்த மாதிரி நுழைய முடியாது. கல்லூரியின் கடிதம், தலைமையாசிரியரின் சம்மதம் இரண்டும் வேண்டும். சமையல் பொறுப்பில் நம் உறுப்பினர் இருந்தாலும் இதே முறைதான்.

அங்கன்வாடியும் அப்படித்தான். மாதாமாதம் குழந்தைகளை எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் குறிக்கும் நாளில், அனுமதி வாங்கிக்கொண்டு கூடமாட இருந்தால் புத்தகத்தில் படித்த வரைகோடு கண்ணுக்கு முன்னால் தெரியும். கோடு கீழே இறங்கிய குழந்தையின் அம்மாவிடம் எப்படிப் பேசுவது என்பதையும் அங்கன்வாடிப் பணியாளரிடம்தான் கற்றுக்கொள்ள முடியும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தச்சோகை. நம் குழுக் கூட்டத்தில் வட்டமாக உட்காரும்போது எண்ணிப் பாருங்கள்.

ரேஷன் அரிசியில் சத்து மணிகள் கலந்து வந்தபோது நம் தெருக்களில் என்ன பேச்சு! "தண்ணியில மிதக்குது, பிளாஸ்டிக் அரிசி" என்று பொறுக்கிப் பொறுக்கிக் குப்பையில் போட்டோம். அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவில் பிழிந்தெடுத்த மணி அது. நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்தார்கள். இதை விளக்க அந்த நேரத்தில் நம் தெருவில் ஒருவர் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்? செப்டம்பர் 1 முதல் 7 வரை தேசிய ஊட்டச்சத்து வாரம். என்.எஸ்.எஸ்., கல்லூரியின் உணவு மன்றம் இவற்றில் இருக்கும் பிள்ளைகள் கண்காட்சி, செயல்விளக்கம் நடத்தும் காலம். "படிப்பு கெட்டுப் போகும்" என்று அதைத் தடுக்காதீர்கள். நாலு பேர் முன்னால் பேசிப் பழகுவது இந்தத் துறையில் பாதி வேலை.

அடுத்தது அரிசி ஆலை. நெல்லுக்கு நடுவில் பிறந்த நமக்கு இதில் என்ன புதுசு என்று தோன்றும். அந்தக் காலத்தில் தொட்டியில் இரண்டு மூன்று நாள் நெல்லை ஊறப் போட்டால் தெருவே நாறும். இப்போது 65, 70 டிகிரி சூட்டுத் தண்ணீரில் மூன்று நாலு மணி நேரத்தில் ஊற வைத்துவிடுகிறார்கள், அந்த வாடை இல்லை. ஊறி அவியும்போது தவிட்டுப் பகுதியிலுள்ள பி1 வைட்டமின் மணிக்குள் இறங்குகிறது. அதனால்தான் தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கல் அரிசியில் அந்தச் சத்து கூடுதல். பி1 குறைந்தால் வருவது பெரிபெரி நோய். அதை ஆராய 1918-ல் குன்னூரில் ஒற்றை அறையில் தொடங்கிய வேலைதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. நம் திருவாரூருக்கும் இதில் பெருமை உண்டு. 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஓர் ஆய்வுக்கூடமாகத் தொடங்கியதுதான் இன்று தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற பெயரில், தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமாக உயர்ந்திருக்கிறது. அங்கே வெளிக்கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி எப்போது, கட்டணம் எவ்வளவு என்று துறைத் தலைவர் மூலம் முன்கூட்டியே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். நீடாமங்கலம் வேளாண்மை அறிவியல் நிலையம் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது.

மதுரையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சமுதாய அறிவியல் கல்லூரி போன்ற இடங்களில் கிராமத்தில் தங்கிப் படிப்பதும் தொழிற்சாலைப் பயிற்சியும் பாடத்திட்டத்திலேயே வருகிறது. நம் பிள்ளைகளில் பலர் படிக்கும் கலைக் கல்லூரிகளில் அந்த அளவுக்கு இருக்காது. தானாகத் தேடிக்கொள்ள வேண்டும். கோடை விடுமுறையில் இரண்டு மூன்று வாரம் போதும்.

மருத்துவமனையில் டயட்டீஷியன் ஆக விரும்பும் பிள்ளைகளின் அம்மாக்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். பதிவுபெற்ற டயட்டீஷியன் தேர்வு எழுத முதுநிலைப் படிப்பு அல்லது முதுநிலை டிப்ளமோவும், மருத்துவமனையில் ஆறு மாதப் பயிற்சியும் தேவை. பி.எஸ்சி. மட்டும் போதாது. 2021-ல் வந்த மத்தியச் சட்டம் டயட்டீஷியன்களையும் மருத்துவம் சார்ந்த பணியாளர்களாகச் சேர்த்துக்கொண்டது. அதைத் தொடர்ந்து, 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல் உணவு-ஊட்டச்சத்துப் பாடங்களைத் தபால் வழியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யூஜிசி அறிவித்துவிட்டது. "வீட்டிலிருந்தே டயட்டீஷியன் பட்டம்" என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால் பணம் கட்டிவிடாதீர்கள்.

நம் குழுக்களின் ஊறுகாய், அப்பளம், சத்துமாவு யூனிட்டுகளையும் இந்தப் பிள்ளைகளுக்குத் திறந்து விடலாம் என்பது எங்கள் கருத்து. லேபிளில் சேர்மானங்களை அளவில் கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுதுவது, தயாரித்த தேதி, பேட்ச் எண், பச்சைப் புள்ளி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் என்று எல்லாவற்றிலும் நாம் தடுமாறுகிறோம். மாங்காய் ஊறுகாய் மூன்றாம் மாதம் ஏன் பூசணம் பிடிக்கிறது, உப்பு குறைவா, ஈரக் கரண்டியா? படிக்கிற பிள்ளை வாரம் ஒரு பாட்டிலைத் திறந்து பார்த்துக் குறித்து வைத்தால் நமக்கும் விடை கிடைக்கும். ஆனால் ஒன்று. "பாப்பா, அந்தப் பாக்கெட்டையெல்லாம் ஒட்டிட்டுப் போ" என்று ஒரு மாதம் முழுக்க சீல் போட வைத்துவிட்டுச் சான்றிதழ் கொடுப்பது பயிற்சி ஆகாது. வெளியே கம்பெனிகளிலும் இது நடக்கிறது. அதனால் போகும் முன்பே எத்தனை நாள், எத்தனை மணி நேரம், என்ன வேலை, யார் சொல்லித் தருவார், உதவித்தொகை உண்டா என்று எழுத்தில் வாங்குவது நல்லது. ஒரிஜினல் சான்றிதழ்களை யாரிடமும் கொடுத்து வைக்க வேண்டாம்.

"வெளியூருக்குப் பொண்ணைத் தனியா எப்படி அனுப்புறது?" என்ற பயம் எங்களுக்கும் புரிகிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டம், சம்பளம் இல்லாமல் பயிற்சிக்கு வரும் பெண்ணுக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதன் பொறுப்பாளர் யார் என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் நாள் அம்மாவோ அப்பாவோ கூடப் போய்விட்டு வரலாம், அதில் வெட்கம் இல்லை.

பிள்ளைக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். தேதி, இடம், செய்த வேலை, அளந்த அளவு, கூட இருந்தவரின் கையெழுத்து, இவ்வளவுதான். நேர்காணலில் சான்றிதழைவிட அந்த நோட்டைப் புரட்டிக் காட்டும்போது பேச்சு தானாக வரும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியது: உங்கள் குழுவில் எந்த உறுப்பினரின் பிள்ளை இந்தப் பாடம் படிக்கிறது, எந்த வருடம், என்ன பயிற்சி தேவை என்று தீர்மான நோட்டில் எழுதி, ஊக்குநர் மூலம் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு அனுப்பவும். யூனிட் நடத்தும் குழுக்கள், ஒரு நேரத்தில் எத்தனை பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள முடியும் என்பதையும் அதே தாளில் குறிப்பிடவும்.