சோங்காய்: எழுந்ததும் விழுந்ததும்

ஆப்பிரிக்கான்னா காடும் சிங்கமும் மட்டும்தான் ஞாபகம் வருதா? அங்கே சோங்காய் என்று ஒரு பெரிய பேரரசு இருந்தது. தலைநகரம் காவோ. இன்றைய மாலி நாட்டில், நைஜர் ஆற்றங்கரையில் உள்ளது.

எழுச்சி: சுன்னி அலி என்ற மன்னர் குதிரைப்படையும் படகுப்படையும் வைத்திருந்தார். 1468-இல் திம்புக்டு நகரைப் பிடித்தார். 1493-இல் ஆட்சிக்கு வந்த அஸ்கியா முகமது, நாட்டை மாகாணங்களாகப் பிரித்து அதிகாரிகளை நியமித்தார். வடக்கே இருந்து உப்பு வரும், தெற்கே இருந்து தங்கம் வரும். இரண்டும் கைமாறும் சந்தைகள் இவங்க நாட்டில்தான். வரி குவிந்தது, கல்வியும் வளர்ந்தது.

வீழ்ச்சி: 1528-இல் அஸ்கியாவை அவர் மகனே பதவியிலிருந்து இறக்கினார். பிறகு அண்ணன் தம்பி சண்டை அடிக்கடி மூண்டது. தங்கத்துக்கு ஆசைப்பட்ட மொராக்கோ சுல்தான் அகமது அல்-மன்சூர், சகாராவைத் தாண்டி சுமார் 4,000 வீரர்களை அனுப்பினார். 1591-இல் தொந்திபி என்ற இடத்தில் போர். சோங்காய் படைதான் பல மடங்கு பெரிது. ஆனா இவங்க கையில் ஈட்டியும் வில்லும், அவங்க கையில் துப்பாக்கி! தோற்றுப்போனார்கள்.

அகமது பாபா என்ற திம்புக்டு அறிஞரை மொராக்கோவுக்குப் பிடித்துப் போனார்கள். அவருடைய 1,600 புத்தகங்கள் பறிபோயின. உறவினர்களிலேயே தன்னிடம்தான் குறைவான புத்தகங்கள் இருந்தன என்றாராம் அவர்!

யோசிச்சுப் பாருங்க: சோங்காயைத் தோற்கடித்தது துப்பாக்கி மட்டும்தானா? வீட்டுச் சண்டையும்தானே?