ஓர் எண் புகட்டும் பாடம்

2, 4, 16, 256, 65536 என்னும் எண்களை நோக்குவோம். முதலெண்ணை யொழிய ஏனைய ஒவ்வொன்றும் தனக்கு முன்னதன் வர்க்கமாம். இவற்றோடு தனித்தனி ஒன்று கூட்டின், 3, 5, 17, 257, 65537 என வரும். இவ்வைந்தும் பகா எண்கள். அஃதாவது, ஒன்றாலும் தம்மாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மிச்சமின்றி வகுபடாதவை. இவ்வொழுங்கைக் கண்ட பிரெஞ்சுக் கணித மேதையாகிய பெர்மா, இம்முறையில் வருவன யாவும் பகா எண்களே யெனத் தாம் நம்புவதாக 1640-ஆம் ஆண்டில் எழுதினார். நிரூபணம் தமக்குக் கைவரவில்லை யென்பதையும் அவர் மறைத்தாரல்லர்.

அடுத்து வரும் எண் யாது? 65536-இன் வர்க்கத்தோடு ஒன்று கூட்டின் 4294967297 ஆகும். ஏறக்குறைய 429½ கோடி. பெர்மா எழுதிய 92 ஆண்டுகட்குப் பின், 1732-இல், ஆய்லர் என்னும் பேரறிஞர் இவ்வெண்ணை 641 மிச்சமின்றி வகுக்குமென்று காட்டினார். ஈவு 6700417. கொள்கை வீழ்ந்தது.

இவ்வெண்ணை வகுக்கும் பகா எண் எதுவாயினும், அதனை 64-ஆல் வகுக்க மிச்சம் 1 வருதல் வேண்டுமென்பது ஆய்லர் பின்னர் நிறுவிய விதி. அவ்விதிப்படி முதற்கண் சோதித்தற்குரியன 193, 257, 449, 577, 641 என்பனவே. ஆகவே ஐந்தாம் வகுத்தலிலேயே விடை கிடைத்துவிடுகின்றது!

நீண்ட வகுத்தலின்றியும் இதனை மெய்ப்பிக்கலாம். 641 என்பது 625-உம் 16-உம் சேர்ந்தது. அஃதாவது 5⁴ + 2⁴. இதனை 2²⁸-ஆல் பெருக்கின் 640⁴ + 2³² வரும்; ஏனெனில் 5 × 2⁷ = 640. எனவே இத்தொகை 641-ஆல் வகுபடும். இனி, 640⁴ − 1 என்பது 641 × 639 × (640² + 1) ஆதலின், அதுவும் 641-ஆல் வகுபடும். முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்க எஞ்சுவது 2³² + 1. அதுவே நாம் எடுத்துக்கொண்ட எண்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். சோறெல்லாம் ஒரே உலையில் ஒரே தீயில் வெந்தமையால் அவ்வுரை பொருந்தும். எண்களை அவ்வாறு வேகவைத்தார் ஒருவருமிலர். இரண்டொரு உதாரணங்களைக் காட்டி, "ஏனையவும் இவ்வாறே" என்று விடைத்தாளை முடிக்கும் நம் மாணவ நண்பர்கள் இதனை உன்னுவாராக. ஐந்து சான்றுகளை நம்பிய பெர்மாவே தவறினாரெனின், நாம் எம்மாத்திரம்?

எனினும் அவர் உழைப்பு வீணாயிற்றில்லை. அவ்வைந்து எண்களில் ஒன்றாகிய 17-ஐப் பக்கத் தொகையாகக் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமுமே கொண்டு வரையலாமென 1796-இல் கண்டறிந்தவர் கௌஸ். அப்போது அவர்க்கு வயது 18. நம் வகுப்புகளில் அமர்ந்திருப்பார் பலர்க்கும் அவ்வயதே.

65537-க்கு மேல் இவ்வினத்தில் மற்றொரு பகா எண் இன்றுவரை அகப்படவில்லை. ஆயினும், இனி இல்லையென நிறுவினாரும் இலர். அகப்படாமை நிரூபணமாகாது என்பதை நமக்கு உணர்த்தியதும் இவ்வெண்ணே யன்றோ? நண்பர்காள், ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுத்து, 4294967297-ஐ 641-ஆல் நீவிரே வகுத்துப் பார்மின். எம் சொல்லையும் சோதியாது ஏற்றல் வேண்டா.