நெடுநாள் சிறுநீரகக் கல்லும் புற்றுநோயும்

அங்கத்தினர் பலர் சிறுநீரகக் கல்லை ஒரு வியாதியாகவே கருதுவதில்லை. நூம்பல் பக்கம் சங்கக் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, காய்கறி பயிரிடும் பெரியவர் ஒருவர், "கல் பத்து வருஷமாக இருக்கிறது ஐயா, இப்போது வலிப்பதுகூட இல்லை" என்றார். வலி நின்றதை அவர் இலாபக் கணக்கில் எழுதிக்கொண்டார். தவணை தவறிய கடனுக்கு நோட்டீசு வராததால் கடனே தீர்ந்தது என்று எண்ணுவதைப் போன்றது இது.

பெரும்பாலும் நகரும் சிறு கல்லே துடிக்க வைக்கும். மான்கொம்புபோல் கிளைத்துச் சிறுநீரகத்தினுள் நிறைந்துவிட்ட பெருங்கல் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி இருந்துவிடும். ஆயினும், அது ஓயாது உராய்வதாலும், அதனையொட்டிச் சீழ் பிடிப்பதாலும், உள்ளே போர்த்தியுள்ள மெல்லிய சவ்வு தன் இயல்பை இழக்கிறது. மண்வெட்டி பிடித்த உள்ளங்கை காய்த்துப்போவதுபோல, அச்சவ்வின் உயிரணுக்கள் தோலின் அணுக்களைப்போலத் தட்டையாகின்றன. மிகச் சிலரிடம் இம்மாறுதல் முற்றிப் புற்றுநோயாகிறது. இதனைச் செதிளணுப் புற்று என்பர். சுரப்பிவகைப் புற்று இதனினும் அரிது. எகிப்து நாட்டில் நீரில் இறங்கி வேலை செய்த உழவர்களின் சிறுநீர்ப்பையில் ஒருவகைப் புழுவின் முட்டைகள் தங்கி, நெடுநாள் உறுத்தி, இதே செதிளணுப் புற்றை உண்டாக்கியதுண்டு.

கல் உள்ளவரெல்லாம் அஞ்ச வேண்டியதில்லை. இது மிக அரிய நோய். ஆனால் கண்டுகொள்வது கடினம். விலாவில் மந்தமான வலி, சிறுநீரில் இரத்தம், காய்ச்சல் ஆகிய அனைத்தும் கல்லின் குறிகளாகவே தோன்றும். ஸ்கேன் படத்திலும் கல்லும் சீழும் கட்டியை மறைத்துவிடக்கூடும். செயலிழந்த சிறுநீரகத்தைக் கல்லுக்கென்று அகற்றியபின், நுண்ணோக்கியில்தான் புற்று வெளிப்பட்ட நிகழ்ச்சிகள் பல. அதற்குள் நோய் பரவியிருந்தால், பிழைப்பவர் சிலரே.

ஆதலால் பழைய கல் உள்ளவர்கள், வலி இல்லாவிடினும், சிறுநீரியல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். சென்னையில் இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையிலும் இதற்கெனத் தனித்துறை உண்டு. கல் எத்தனை ஆண்டாக உள்ளது என்பதை மறவாமல் சொல்லுங்கள். பழைய படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். ஒருமுறை இரத்தம் கண்டாலும், காரணமின்றி உடல் மெலிந்தாலும் தாமதிக்கலாகாது. கல்லை அகற்றும்போது சவ்வு ஐயத்திற்கிடமாக இருப்பின், அதில் சிறு துணுக்கெடுத்துச் சோதிப்பார்கள். அதற்கு மறுப்புச் சொல்லாதீர்கள்.

கல் வராமல் காக்கப் போதிய நீர் அருந்த வேண்டும். நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியுமளவு என்பது மருத்துவர் கணக்கு. இருதய நோயாளிகள் தம் மருத்துவரைக் கேட்டுக்கொள்க. தறியில் அமர்ந்தால் எழ மனமின்றித் தாகத்தை அடக்குவோரை நான் அறிவேன். பெண்கள் அடக்குவதற்கோ வேறு காரணம் உண்டு: நெசவுக்கூடத்தில் கழிப்பறை இல்லை. இது நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்திலேயே பொருளாக வைக்கத்தக்கது.