தீராத நோயும் நம் கடமையும்



“இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டு போங்கள்” என்ற வார்த்தையை நம்மவர் பலர் கேட்டிருப்பார்கள். கேட்டதும் அதை நோயாளிக்குத் தெரியாமல் மறைத்து விடுகிறோம். அவர் வலியால் துடிக்கையில் “ஸபூர் செய்யுங்கள் வாப்பா” என்கிறோம். தலைமாட்டில் யாசீன் ஓதுகிறோம். ஓதுவதும் பொறுமையும் நன்மையான காரியங்களே. ஆயினும், வேறு செய்வதற்கு ஒன்றுமில்லை என்று எண்ணுவது தவறு. நோய் தீராது என்று தெரிந்த பின்னரும் செய்ய வேண்டிய வைத்தியம் உண்டு. அதற்கு நோய்த் தணிப்புப் பராமரிப்பு என்று பெயர். ஆயுள் சில மாதங்களே என்று டாக்டர்கள் கருதும் நிலையில் செய்வதை அந்திமகாலப் பராமரிப்பு, அதாவது ஹாஸ்பிஸ் என்பார்கள்.

லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார் முதலில் தாதியாகவும், பிறகு ஆஸ்பத்திரியில் சமூக ஊழியராகவும் இருந்தவர். மரணத் தறுவாயில் உள்ளவர்களின் வலியை யாரும் சரிவரக் கவனிக்கவில்லை என்று கண்டு, தாமே படித்து டாக்டரானார். 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் திறந்தார். நோயாளியின் வேதனை நான்கு வகை என்பது அவர் கற்பித்த பாடம். உடலின் வலி ஒன்று. மனத்தின் பயமும் துக்கமும் இரண்டு. குடும்பத்தையும் பணத்தையும் பற்றிய கவலை மூன்று. ஆன்மாவின் தவிப்பு நான்கு. இந்நான்கையும் சேர்த்துக் கவனித்தால்தான் நிம்மதி உண்டாகும்.

இப்பராமரிப்பைப் பற்றி நம்மிடையே மூன்று சந்தேகங்கள் இருக்கின்றன.

முதலாவது, மார்ஃபின் மருந்து. அது அபினியிலிருந்து எடுக்கப்படுவது. ஆகவே ஆகாது என்று சிலர் தடுக்கிறார்கள். கடும் வலிக்கு டாக்டர் அளந்து கொடுக்கும் மருந்து வேறு, போதைக்காக உட்கொள்வது வேறு. நிர்ப்பந்தத்தில் வைத்தியத்துக்காக இதை உபயோகிப்பதற்கு மார்க்க அறிஞர்கள் அனுமதி அளித்திருக்கிறார்கள். சிறிய அளவில் தொடங்கி, வலிக்குத் தக்கபடி கூட்டுவார்கள். முதல் சில நாட்கள் தூக்கம் வரும், பிறகு தெளியும். மலச்சிக்கல் உண்டாகும், அதற்கும் கூடவே மருந்து தருவார்கள்.

இரண்டாவது, இது மரணத்தைத் துரிதப்படுத்தும் என்ற பயம். அப்படியல்ல. அஜல் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. இவ்வைத்தியம் மரணத்தைத் துரிதப்படுத்துவதுமில்லை, தள்ளிப்போடுவதுமில்லை. இருக்கும் நாட்களை இலேசாக்குகிறது.

மூன்றாவது, பெற்றோரைக் கைவிட்டதாக ஊர் பேசுமே என்ற கூச்சம். ஹாஸ்பிஸ் என்றால் எங்கோ கொண்டு போய் விடுவது என்று அர்த்தமில்லை. சிங்கப்பூரில் 1989-ல் தொடங்கிய எச்சிஏ ஹாஸ்பிஸ், டாக்டரையும் தாதியையும் வீட்டுக்கே அனுப்புகிறது, அதற்குக் கட்டணமில்லை. வீட்டில் வைத்துப் பார்க்க இயலாதவர்களுக்கு 1992-ல் நிறுவப்பட்ட டோவர் பார்க் ஹாஸ்பிஸ் போன்றவை இருக்கின்றன. கோலாலம்பூரிலும் 1991 முதல் ஹாஸ்பிஸ் மலேசியா, கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள வீடுகளுக்கு இலவசமாக வருகிறது. இன, மத பேதம் பார்ப்பதில்லை. புற்றுநோய்க்கு மட்டும் என்றும் எண்ண வேண்டாம். இருதயம், சிறுநீரகம், நுரையீரல் பழுதுபட்டவர்களுக்கும் இப்பராமரிப்பு உண்டு. கட்டிலைக் கிப்லா முகமாகப் போட வேண்டும், பெண்களுக்குப் பெண் தாதி வேண்டும் என்பன போன்றவற்றை வருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

உலகத்தில் இத்தகைய பராமரிப்புத் தேவைப்படுவோரில் நூற்றுக்குச் சுமார் 14 பேருக்கே அது கிடைக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. வீட்டு வாசலில் கிடைக்கக்கூடிய நாமும் கேளாமல் இருப்பது தகுமா?

வியாபாரிகளாகிய நமக்கு இதில் இன்னொரு முக்கிய விஷயம் இருக்கிறது. நம் கொடுக்கல் வாங்கலில் பாதி பேரேட்டில் இருக்கிறது. மீதி நம் நினைவில் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு கடன், யார் கொடுத்த அமானத்து எங்கே, கூட்டாளியின் பங்கு என்ன என்பது கடைக்காரருக்கே தெரியும். அடக்கச் செலவுக்குப் பின் கடனைத் தீர்த்து, மூன்றிலொரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத்தை நிறைவேற்றிய பிறகே வாரிசுகளுக்குச் சொத்து. நோயின் உண்மையை மறைத்தால், அவர் கணக்குத் தீர்க்கும் வாய்ப்பை நாமே பறித்து விடுகிறோம். வலியால் துடிப்பவரோ கணக்கைச் சொல்ல முடியாது. வலி தணிந்து, புத்தி தெளிந்திருக்கும் நாட்களில்தான் அவர் கடனைச் சொல்லலாம், மனஸ்தாபம் உள்ளவரிடம் மன்னிப்புக் கேட்கலாம், கலிமாவைத் தெளிவாக மொழியலாம்.

ஆகவே சகோதரர்களே! கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம். நோய் கடுமையானது என்று தெரிந்ததுமே, “தணிப்புப் பராமரிப்புக்குக் கடிதம் தருவீர்களா?” என்று ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேளுங்கள். நோயாளிக்கு எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று அவரிடமே இதமாக விசாரித்து, அவ்வளவையும் உண்மையாகச் சொல்லுங்கள். கடையில் வேலை செய்யும் தம்பி ஒருவரின் வீட்டில் இத்தகைய நோய் இருந்தால், அவருக்கும் இச்செய்தியை எடுத்துச் சொல்லி, லீவும் கொடுத்து உதவுங்கள். நலம் விசாரிக்கப் போனால் அதிக நேரம் உட்கார்ந்து அவரைக் களைப்படையச் செய்யாதீர்கள்.

நோயுற்றோரின் வேதனையை வல்ல அல்லாஹ் இலேசாக்கி, நம் அனைவருக்கும் ஈமானுடன் கூடிய நல்ல முடிவைத் தந்தருள்வானாக. ஆமீன்.