வெப்பத்தால் சாயம் ஏற்றும் கைத்தொழில்: தொடங்குமுன் அறிய வேண்டியவை

பீங்கான் கோப்பையில் படம், பனியனில் பெயர், கொடியில் சின்னம் என வண்ணம் பதித்துத் தரும் சிறு கடைகள் இப்பொழுது பல ஊர்களில் காணப்படுகின்றன. இத்தொழிலை நமது சங்கத்திலும் தொடங்கலாமா, நம் தறியில் நெய்த துணியிலும் இவ்வாறு படம் பதிக்கலாமா என்னும் கேள்விகள் அங்கத்தினர்களுக்கு எழுவது இயல்பே. முதற் கேள்விக்கு ‘ஆம்’ என்பது விடை. இரண்டாவதற்கு, துணி பருத்தியாயின் ‘இயலாது’ என்பதே விடை. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறியாமல் இயந்திரம் வாங்குவோர் கைம்முதலை இழக்க நேரிடும். ஆதலின் அதனை முதலில் விளக்குவோம்.

சாயம் ஆவியாகும் விதம்

திறந்து வைத்த கற்பூரம் உருகி நீராகாமலே காற்றிற் கரைந்து குறைவதை யாவரும் அறிவர். திடப்பொருள் இவ்வாறு நேரே ஆவியாவதைப் பதங்கமாதல் என்பர். டிஸ்பர்ஸ் சாயங்கள் பலவற்றுக்கும் இக்குணம் உண்டு. தாளில் உலர்ந்திருக்கும் இச்சாயம் சுமார் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஆவியாகி, தாளோடு சேர்த்து அழுத்திய துணிக்குள் புகுகிறது. அவ்வெப்பத்தில் பாலியெஸ்டர் இழையின் உட்கட்டு தளர்ந்து சாயத்துக்கு இடங்கொடுக்கும். ஆறியதும் இறுகிச் சாயத்தை உள்ளே அடைத்துக்கொள்ளும். வண்ணம் மேற்பூச்சாக நில்லாமல் இழையின் உள்ளேயே தங்கிவிடுவதால், துவைத்தாலும் உரிவதில்லை.

டிஸ்பர்ஸ் சாயங்கள் 1920-களில் அசிட்டேட் என்னும் செயற்கைப் பட்டுக்காக இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டவை. பாலியெஸ்டர் இழையை 1941-இல் அந்நாட்டின் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் கண்டனர். இவ்விரண்டையும் இணைத்துத் தாளிலிருந்து துணிக்கு வண்ணம் மாற்றும் முறை 1950-களின் பிற்பகுதியில் பிரான்ஸ் நாட்டில் உருப்பெற்றது.

எத்துணி ஏற்கும்? எத்துணி ஏற்காது?

பருத்தி நீரை விரும்பும் இழை. டிஸ்பர்ஸ் சாயமோ நீரில் எளிதிற் கரையாதது. இரண்டும் ஒட்டுவதில்லை. பருத்தியின் மேல் அழுத்தினால் மங்கிய நிழல் தோன்றும். சில சலவைகளில் அதுவும் மறையும். ரேயானும் அவ்வாறே. பட்டிலும் நிலையான அழுத்தமான நிறம் எழாது; அதிக வெப்பத்தால் பட்டு பழுதடையவும் கூடும். கலப்புத் துணியில், பாலியெஸ்டர் பங்கு எவ்வளவோ அவ்வளவே நிறம் பிடிக்கும். நைலானோ இவ்வெப்பத்தில் இளகிவிடக் கூடும்.

துணி இன்னதென ஐயம் எழுந்தால் ஓரிழையை உருவி, இடுக்கியிற் பிடித்துக் கொளுத்திப் பார்க்க. பருத்தி, காகிதம் எரியும் மணத்துடன் எரிந்து மென்மையான சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருங்கி, உருகி, ஆறியபின் கடினமான மணியாகத் திரளும்.

கோப்பை, தட்டு, உலோகத் தகடு போன்றவற்றிலும் பாலியெஸ்டர் போன்ற பூச்சு இருத்தல் வேண்டும். கடையில் வாங்கும் சாதாரணக் கோப்பை பயன்படாது. இதற்கென்றே பூச்சிட்டு விற்பனை செய்யப்படும் வெற்றுக் கோப்பைகளையே வாங்குதல் வேண்டும்.

இயந்திரமின்றித் தொடங்குதல்

முதற் பயிற்சிக்கு இஸ்திரிப் பெட்டியே போதும். டிஸ்பர்ஸ் சாயத் தூளை வெந்நீரிற் கலந்து, ஆறியபின் தூரிகையால் சாதாரண வெள்ளைத் தாளில் வரைந்து நன்கு உலர விடுக. தாளில் நிறம் மங்கலாகவே தோன்றும். அதன் உண்மை நிறம் துணியில்தான் எழும். எழுத்துக்களைக் கண்ணாடியிற் காண்பதுபோல் இடம் வலமாக மாற்றி எழுதுதல் வேண்டும்.

மேசையில் மடித்த பருத்தித் துணியை விரித்து, அதன்மேல் ஒரு வெற்றுத்தாளையும், அதன்மேல் வெள்ளைப் பாலியெஸ்டர் துணியையும் வைக்க. சாயத்தாளை வண்ணம் கீழ்நோக்கக் கவிழ்த்து, மேலே மற்றொரு வெற்றுத்தாள் இடுக. இஸ்திரிப் பெட்டியைப் பருத்திக்குரிய சூட்டில், நீராவியின்றி, ஒவ்வோரிடத்திலும் ஒன்று முதல் இரண்டு நிமிடம் அழுத்துக. தேய்த்தல் ஆகாது, தாள் நகர்ந்தால் உருவம் இரட்டையாகப் பதியும். அதே தாள் மறுமுறையும் பயன்படும். நிறம் மட்டும் வெளிறும். உலர்ந்த இலையைத் தாளுக்கும் துணிக்கும் இடையில் வைத்து அழுத்தினால் இலையின் உருவம் வெண்மையாக நிற்கும். நம் வேலியோரத்து இலைகளே இதற்கு அச்சுக்கட்டை!

சாயத்தூளை மூக்கில் ஏறாமல் துணி கட்டிக்கொண்டு கையாள்க. சில சாயங்கள் தோலில் ஒவ்வாமை உண்டாக்குமாதலின் கையுறை வேண்டும். சன்னல்கள் திறந்திருத்தல் வேண்டும். சமையல் பாத்திரங்களை இவ்வேலைக்கு எடுத்தல் கூடாது.

இயந்திரம் வாங்குவதாயின்

அச்சுப்பொறி, சப்ளிமேஷன் மை, அதற்குரிய தாள், வெப்ப அழுத்தி ஆகிய நான்கும் வேண்டும். மையைச் சூடாக்கித் தெளிக்கும் வகை அச்சுப்பொறி இதற்கு உதவாது. அழுத்தத்தால் தெளிக்கும் வகையே உதவும். பலநாள் அச்சிடாது விட்டால் மை உலர்ந்து துளை அடையும். ஆகவே தொடர்ந்து வேலை கிடைக்காத ஊரில் அவசரப்பட்டு வாங்குதல் நன்றன்று. இம்முறையில் வெள்ளை மை இல்லை. துணியின் வெண்மையே படத்தின் வெண்மையாகும். ஆதலின் கருந்துணியில் படம் எழாது.

துணிக்குச் சுமார் 200 டிகிரி வெப்பமும் 45 முதல் 60 வினாடியும் பொதுவான அளவு. கோப்பைக்கு 3 முதல் 4 நிமிடம் வரை ஆகும். முதலில் துணியைச் சில வினாடி வெறுமனே அழுத்தி ஈரத்தைப் போக்குதல் வேண்டும்; ஈரம் நின்றால் நிறம் திட்டுத்திட்டாகும்.

கணக்கும் நேர்மையும்

10 கோப்பைகளில் 2 பழுதானால் அவற்றின் விலையை மீதி 8 கோப்பைகளே சுமக்க வேண்டும். மை, தாள், மின்சாரம், கூலி இவற்றோடு பழுதையும் கூட்டியே விலை குறிக்க வேண்டும்.

இம்முறைக்குச் சாயத் தொட்டியும் அலசும் நீரும் வேண்டியதில்லை. நொய்யற் கரை விவசாயிகள் பட்ட துன்பத்தையும், 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் அறிந்தோர்க்கு இது பெரிய நன்மையாகத் தோன்றும். ஆனால் இந்நன்மை பாலியெஸ்டரைச் சேர்ந்தது. பருத்திக்குச் சாயமிடும் நம் சங்கங்களுக்குக் கழிவுநீரைத் தூய்மை செய்யும் கடமை இதனால் நீங்கிவிடவில்லை.

இன்னொன்றும் சிந்திக்கத்தக்கது. தறியில் பல நாள் உழைத்து எழுப்பும் கரையையும் புட்டாவையும் இம்முறையால் ஒரு நிமிடத்திற் பாலியெஸ்டரில் அச்சிட்டுவிடலாம். அச்சிடுவது குற்றமன்று; அதனை நெய்தது எனக் கூறி விற்பதே குற்றம். 2006-இல் தொடங்கிய கைத்தறி முத்திரை கைத்தறித் துணிக்கே உரியது. நம் விற்பனை நிலையத்தில் அச்சுப் பொருளைத் தனி அலமாரியில், ‘பாலியெஸ்டர், அச்சு’ என்னும் சீட்டுடன் வைத்தல் வேண்டும். வாங்குவோரின் நம்பிக்கை கெட்டால், முதலில் குறைவது நெசவாளரின் கூலியே.

ஆகவே, தறியை நிறுத்திவிட்டு இதனை மேற்கொள்ளுதல் தகாது. வீட்டிலுள்ள இளைஞரும் பெண்டிரும் ஓய்வு நேரத்தில் பழகுதற்குரிய துணைத் தொழிலாக இது அமையும். ஒரு சங்கத்தில் நால்வர் இஸ்திரிப் பெட்டியுடன் ஒரு மாதம் பழகட்டும். உள்ளூர்ப் பள்ளிகளிலும் கடைகளிலும் உறுதியான கட்டளைகளைப் பெறட்டும். அதன் பின்னர்ச் சங்கத்தின் பொதுப் பெயரில் ஓர் இயந்திரம் வாங்குதல் பற்றி நிர்வாகக் குழு ஆலோசிக்கலாம்.