தோற்ற அன்று தலைவர் செய்வது

கால்பந்தில் ஓர் அணி மோசமாகத் தோற்பது அதிசயமல்ல. அதே நாளில் ஆட்டக்காரர் ஒருவர் தகாத முறையில் நடந்துகொள்வதும் சேர்ந்துவிட்டால், அணியை நடத்துகிறவர்களின் பாடு திண்டாட்டம்தான். இப்படிப்பட்ட நேரத்தில் பயிற்சியாளரும் கேப்டனும் நிர்வாகிகளும் என்ன செய்தார்கள், அதனால் என்ன விளைந்தது என்பதைச் சில உண்மை நிகழ்ச்சிகளைக் கொண்டு பார்க்கலாம் என்று எண்ணுகிறேன். வென்றால் மோகன் பகான்காரர்களுக்கு இறால், ஈஸ்ட் பெங்கால்காரர்களுக்கு இலிஷ் மீன் என்பது நாம் குடியேறியிருக்கும் இந்தக் கொல்கத்தாவின் வழக்கம். இரண்டையும் வாசலோடு நிறுத்திவிடும் நம்மவர் வீடுகளில்கூடப் பிள்ளைகள் கட்சி கட்டிக்கொண்டு சண்டை போடுகிறார்கள். ஆகையால் கால்பந்தைப் பற்றி முன்னுரை எதுவும் வேண்டியதில்லை.

முதலில் பிரான்ஸ் அணியின் கதை. 2010-இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த உலகக் கோப்பை. ஜூன் 17 அன்று பொலக்வானே நகரில் மெக்சிகோவிடம் பிரான்ஸ் 0-2 என்று தோற்றது. அந்த ஆட்டத்தின் இடைவேளையில், உடை மாற்றும் அறையில், பயிற்சியாளர் ரெமோன் டொமெனெக் முன்கள ஆட்டக்காரர் நிக்கோலா அனெல்காவைக் கண்டித்திருக்கிறார். அனெல்கா பதிலுக்கு ஏசியிருக்கிறார். இரண்டாம் பாதியில் அவர் இறக்கப்படவில்லை. இவ்வளவும் நான்கு சுவருக்குள் நடந்தவை.

அடுத்த நாள் ஒன்றும் நடக்கவில்லை. இந்த ஒரு நாள் மௌனத்தைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். அனெல்காவை எல்லார் முன்னிலையிலும் அழைத்து, சொன்னது தவறு என்று உணர்த்தி, தண்டனை இன்னதென்று அன்றே முடிவு செய்திருந்தால் விஷயம் அந்த அறையிலேயே முடிந்திருக்கக்கூடும். ஜூன் 19 காலை பாரிஸின் விளையாட்டு நாளிதழான 'லெகிப்', வசவுச் சொற்களை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டது. அச்சான சொற்கள் தாம் சொன்னவை அல்ல என்று அனெல்கா மறுத்தார். பிரெஞ்சுக் கால்பந்து சம்மேளனம் மன்னிப்புக் கேட்கச் சொன்னது. அவர் மறுக்கவே, வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

இந்த இடத்தில் கேப்டன் பாட்ரிஸ் எவ்ரா பத்திரிகையாளர்களிடம் பேசினார். அணியின் பிரச்சினை அனெல்கா அல்ல, உள்ளே நடந்ததை வெளியே சொன்ன துரோகிதான் என்பது அவர் பேச்சின் சாரம். பயிற்சியாளரை ஏசியது சரியா தவறா என்ற கேள்வி அதோடு பின்னுக்குப் போய்விட்டது. மெக்சிகோவிடம் ஏன் தோற்றோம் என்பதையோ யாரும் நினைக்கக்கூட இல்லை! நம் குடும்பங்களிலும் இது நடப்பதுண்டு. பையன் செய்த காரியத்தை விட்டுவிட்டு, அதை யார் வெளியே சொன்னது என்று விசாரணை நடத்துவோம்.

மறுநாள் ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை. நைஸ்னா என்ற ஊரில் பொதுமக்கள் முன்னிலையில் பயிற்சி. எவ்ராவுக்கும் உடற்பயிற்சி ஆசிரியர் ரோபேர் டுவெர்னுக்கும் மைதானத்திலேயே வாக்குவாதம் முற்றி, டொமெனெக் நடுவில் புகுந்து விலக்க வேண்டியதாயிற்று. ஆட்டக்காரர்கள் பயிற்சி செய்யாமல் பஸ்ஸில் ஏறித் திரைகளை இழுத்து மூடிக்கொண்டார்கள். அணியின் நிர்வாக அதிகாரி அங்கேயே ராஜினாமா செய்தார். பிறகு நடந்ததுதான் விசித்திரம். அனெல்காவை அனுப்பியதைக் கண்டித்து ஆட்டக்காரர்கள் எழுதிய அறிக்கையை, கூடியிருந்த செய்தியாளர்களிடம் படித்துக் காட்டியவர் டொமெனெக்! ஏச்சு வாங்கியவரே ஏசியவருக்கு ஆதரவான கடிதத்தை வாசித்தார்.

ஜூன் 22 அன்று புளூம்ஃபோன்டைனில் தென்னாப்பிரிக்காவிடம் 1-2 என்று தோற்று, பிரான்ஸ் தன் பிரிவில் கடைசி இடத்தோடு ஊர் திரும்பியது. மூன்று ஆட்டங்களில் ஒரு புள்ளி, ஒரே ஒரு கோல். ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பயிற்சியாளர் பரேய்ரா நீட்டிய கையைக்கூட டொமெனெக் பற்றவில்லை. தலைவரே அப்படி என்றால் ஆட்டக்காரரிடம் பண்பை எதிர்பார்ப்பது எப்படி?

அடுத்து வந்த பயிற்சியாளர் லோரான் பிளாங்க், ஆகஸ்டில் நார்வேயுடன் நடந்த தம் முதல் ஆட்டத்துக்கு, உலகக் கோப்பைக்குப் போன 23 பேரில் ஒருவரைக்கூட எடுக்கவில்லை. சம்மேளனம் தனித்தனியாக விசாரித்து அனெல்காவுக்கு 18 ஆட்டங்களும், எவ்ராவுக்கு 5, ரிபெரிக்கு 3, துலலானுக்கு 1 என்றும் தடை விதித்தது. குற்றத்தின் அளவுக்கேற்ற தண்டனை, ஆனால் இரண்டு மாதம் தாமதம். எவ்ரா தண்டனையை முடித்துவிட்டுத் திரும்பி வந்தார். 2016 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரான்ஸுக்காக ஆடினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கதையில் நான் காண்பது இதுதான். ஒருவர் செய்த தவறு அவரோடு நின்றிருக்க வேண்டும். அது நான்கு நாளைக்குள் 23 பேருடைய தவறாக வளர்ந்தது. வளர விட்டவர்கள் தலைவர்கள். இதே பிரான்ஸ், 1998-இல் சொந்த நாட்டில் கோப்பையை வென்றபோது தவறு நடக்காமலா இருந்தது? சவூதி அரேபியாவுடன் ஆடுகையில் கீழே கிடந்த எதிரணி ஆட்டக்காரரை மிதித்ததற்காக ஜிடான் சிவப்பு அட்டை பெற்று, இரண்டு ஆட்டங்கள் வெளியே உட்கார்ந்தார். அணி அவருக்காகக் கொடி பிடிக்கவில்லை. அவரில்லாமல் இரண்டையும் வென்றது. திரும்பி வந்தவர் இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் தலையால் முட்டிப் போட்டார். பின்னாளில் 23 பேரையும் ஒதுக்கிய அதே பிளாங்க், 1998 அரையிறுதியில் சிவப்பு அட்டை வாங்கி இறுதி ஆட்டத்தை ஆடமுடியாமல் போனவர். வெளியே உட்காருவது எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

தோல்வியைப் பற்றி ஒரு வார்த்தை. 2014 ஜூலை 8 அன்று பெலோ ஹொரிசொன்டேயில் ஜெர்மனியிடம் பிரேசில் 1-7 என்று தோற்றதைப் பலர் விடிய விடியக் கண் விழித்துப் பார்த்திருப்பீர்கள். பயிற்சியாளர் ஸ்கோலாரி வெளியே வந்து, இந்தத் தோல்விக்குப் பொறுப்பு நான்தான், ஆட்டமுறையைத் தேர்ந்தவன் நான்தான் என்றார். காயத்தால் நெய்மார் இல்லை, மஞ்சள் அட்டைகளால் கேப்டன் தியாகோ சில்வா இல்லை என்று காரணம் அடுக்க அவருக்கு வசதி இருந்தது. (சில்வாவின் மஞ்சள் அட்டை, கொலம்பியாவின் கோல்கீப்பர் பந்தை உதைக்கும்போது குறுக்கே போனதற்காகக் கிடைத்தது. தேவையே இல்லாத குறும்பு!) பொறுப்பேற்றதால் ஸ்கோலாரியின் வேலை பிழைக்கவில்லை, ஒரு வாரத்துக்குள் போய்விட்டது. ஆனாலும் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கைகாட்டிக் கொள்ளவில்லை.

நம் ஊருக்கு வருவோம். 2012 டிசம்பர் 9, சால்ட் லேக் மைதானம், மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால். 43-ஆவது நிமிடத்தில் காப்ரா கோல் போட, ஈஸ்ட் பெங்கால் முன்னிலை. ரெஃபரியிடம் சண்டைக்குப் போன மோகன் பகானின் ஒடாஃபாவுக்குச் சிவப்பு அட்டை. பார்வையாளர் பகுதியிலிருந்து கல் பறந்து வந்து அவர்களுடைய ஆட்டக்காரர் நபியின் முகத்தில் பட்டது. இடைவேளைக்குப் பின் மோகன் பகான் களமிறங்க மறுத்துவிட்டது. ஆட்டக்காரர்களின் பாதுகாப்பே காரணம் என்றார்கள் நிர்வாகிகள். நபியின் காயம் உண்மையானது, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒடாஃபாவின் கோபமும் நபியின் காயமும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டு, 'அநியாயம்' என்று பெயர் எழுதப்பட்டது. இந்தியக் கால்பந்து சம்மேளனம் முதலில் ஐ-லீக்கிலிருந்து விலக்கி, பிறகு ஜனவரியில் இரங்கி, 2 கோடி ரூபாய் அபராதத்தோடும் பூஜ்யம் புள்ளியோடும் திரும்பச் சேர்த்துக்கொண்டது.

2023 மார்ச் 3 அன்று பெங்களூரில் சுனில் சேத்ரி சட்டென்று அடித்த ஃப்ரீ கிக்கை ஏற்காமல், கேரளா பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் வுகோமானோவிச் அணியை வெளியே அழைத்துக்கொண்டார். கிளப்புக்கு 4 கோடி அபராதம், அவருக்குப் பத்து ஆட்டத் தடை. அவர் பிறகு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. சங்கத்துப் பையன்களை ஞாயிறு காலைகளில் மைதானத்துக்கு அழைத்துப்போகும் பெரியவர்களில் நானும் ஒருவன். சென்ற மாதம் ஒரு பேட்டைக் கிளப்பிடம் 0-6 என்று தோற்றோம். ஐந்தாவது கோல் விழுந்ததும் நம் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், விசில் அடித்த பிறகு எதிரணிப் பையனின் கணுக்காலில் உதைத்தான். சிவப்பு அட்டை. மரத்தடியில் நின்ற பெற்றோரிடையே உடனே பேச்சு எழுந்தது. "ரெஃபரி அவங்க ஆளு சார், நம்ம பசங்கன்னாலே இவங்களுக்கு இளக்காரம்."

வெளியூரில் பிழைக்கிறவர்களுக்கு இந்தச் சொல் நாக்கின் நுனியிலேயே இருக்கிறது. சில சமயம் அதில் உண்மையும் உண்டு. வாடகை வீடு தேடியவர்களுக்குத் தெரியும். ஆனால் இந்த உதையை நாங்கள் எல்லாருமே கண்ணால் பார்த்தோம். அதைத் தமிழர்களுக்கு நேர்ந்த அவமானமாக மாற்றிவிட்டால், அந்தப் பையன் தான் செய்ததைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டியதில்லை. பதினைந்து வயதில் அந்த வசதியைக் கொடுத்தால் முப்பது வயதிலும் அதையே கேட்பான்.

எங்கள் அணியைப் பயிற்றுவிக்கும் நண்பர் பெற்றோரிடம், "ஆறு கோல் வாங்கினதுக்கு நான்தான் காரணம், தடுப்பாட்டக்காரங்களை முன்னாடி ஏத்தி ஆடச் சொன்னது நான்" என்றார். அந்தப் பையனைத் தனியே அழைத்துப்போய், "ரெஃபரியை விடு தம்பி, நீ உதைச்சியா இல்லையா, அதைச் சொல்லு" என்று கேட்டார். "உதைச்சேன் மாமா" என்றான். இரண்டு ஆட்டம் கிடையாது, பயிற்சிக்கு மட்டும் தவறாமல் வரவேண்டும் என்று தீர்ப்பு. அன்று மாலையே அப்பாவோடு போய், கால் வீங்கிக் கிடந்த பையனைப் பார்த்துவிட்டு வந்தான்.

ரெஃபரியைக் கண்டித்து சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுதப்பட்டது. செயற்குழுவில் நான் உள்பட மூன்று பேர் அதில் கையெழுத்துப் போட மறுத்தோம். வாக்குவாதம் இரவு பத்து மணி வரை நீண்டது. கடிதம் இன்னும் பொருளாளரின் பையில் இருக்கிறது.